அமெரிக்க அதிபர் பத்தி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு: நல்ல சோர்ஸ் எங்க, எப்படி தேடுறது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

பொலிட்டிகல் சயின்ஸ், ஹிஸ்டரி, இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் படிக்கிற பசங்க எங்கிட்ட திரும்ப திரும்ப கேட்ட கேள்விங்கள ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். பிஎச்டி பண்றவங்களுக்கும் ஆகும், எம்ஏ ப்ராஜெக்ட் பண்றவங்களுக்கும் ஆகும். வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்களுக்கு வேணும்ங்கறத மட்டும் பாத்துக்கோங்க.

"அமெரிக்க அதிபரின் அதிகாரம்"னு டாபிக் குடுத்துட்டாங்க. கூகுள்ல போட்டா கோடி ரிசல்ட் வருது. எங்க ஆரம்பிக்கிறது?

சர்ச் பாக்ஸ்ல ஆரம்பிக்காதீங்க, அதான் மொத விஷயம். ஒரு பேப்பர எடுத்து உங்க கேள்விய ஒரு வரில எழுதுங்க. "அதிபரின் அதிகாரம்" கேள்வியே இல்ல, அது ஒரு பெரிய வயக்காடு. "1965ல இருந்து 67 வரைக்கும் லிண்டன் ஜான்சன் இந்தியாவுக்கு கோதுமைய ஏன் மொத்தமா அனுப்பாம கொஞ்சம் கொஞ்சமா விட்டாரு" இது கேள்வி. இதுக்குள்ளயே ஆள் இருக்கு, காலம் இருக்கு, முடிவு இருக்கு.

அதுக்கு அடுத்து, இந்த முடிவு எடுத்தப்ப எந்தெந்த மேஜைல காகிதம் உருவாகியிருக்கும்னு யோசிங்க. ஜான்சன் மேஜை, விவசாயத்துறை அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமேன் மேஜை, வெளியுறவுத்துறை, டெல்லில இருந்த அமெரிக்க தூதரகம், நம்ம பக்கம் உணவு அமைச்சரா இருந்த சி.சுப்பிரமணியம். 1965 நவம்பர்ல சி.எஸ்.ஸும் ஃப்ரீமேனும் ரோம்ல உக்காந்து ஒரு ஒப்பந்தம் பேசினாங்க, அப்போ ரெண்டு பக்கத்துலயும் ஃபைல் இருக்கும்ல. ஒவ்வொரு மேஜையோட காகிதமும் இன்னிக்கு எங்க இருக்குன்னு தேடுறது தான் ஆராய்ச்சி. எந்த அதிபர், எந்த டாபிக்கா இருந்தாலும் இந்த ஒரு பழக்கம் வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது, கீழ நான் சொல்றது எல்லாமே இதோட கிளை தான்.

ப்ரைமரி, செகண்டரின்னு சொல்றாங்களே, எது எதுன்னு குழப்பமா இருக்கு.

சம்பவம் நடந்தப்பவே, அதுல இருந்தவங்க கையால வந்தது ப்ரைமரி. மெமோ, கடிதம், பேச்சு, உத்தரவு, டேப், டைரி. பின்னாடி ஒருத்தர் அதையெல்லாம் படிச்சிட்டு எழுதினது செகண்டரி. ஆனா ஒரே புத்தகம் உங்க கேள்விய பொறுத்து ரெண்டாவும் மாறும். ரிச்சர்ட் நியூஸ்டட் 1960ல அதிபர் அதிகாரம் பத்தி எழுதின புத்தகம் இருக்கு, அதிபரோட பலம்ங்கறது மத்தவங்கள இணங்க வைக்கிற பலம் தான்னு வாதாடின புத்தகம். ட்ரூமன பத்தி எழுதுறப்ப அது செகண்டரி, 1960கள்ல அதிபர் பதவிய அறிஞர்கள் எப்படி பார்த்தாங்கன்னு எழுதுறப்ப அதே புத்தகம் ப்ரைமரி.

அதிபர் பேசின பேச்சு, பிரஸ் மீட், உத்தரவு இதெல்லாம் முழுசா, நம்பகமா எங்க கிடைக்கும்?

மொதல்ல போக வேண்டிய இடம் அமெரிக்கன் பிரசிடென்சி ப்ராஜெக்ட். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சாண்டா பார்பரா கேம்பஸ்ல ஜான் வுல்லி, கெர்ஹார்ட் பீட்டர்ஸ்னு ரெண்டு பேர் 1999ல ஆரம்பிச்சது. ஜார்ஜ் வாஷிங்டன்ல இருந்து இப்ப இருக்கவர் வரைக்கும் பேச்சு, நிர்வாக உத்தரவு, பிரகடனம், கட்சி தேர்தல் அறிக்கை எல்லாம் தேதி போட்டு தேடலாம். காசு கிடையாது, லாகின் கிடையாது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மட்டும் 3,700க்கு மேல நிர்வாக உத்தரவு போட்டிருக்காரு, அந்த மாதிரி எண்ணி ஒப்பிடுற வேலைக்கு இத விட வசதியான இடம் எனக்கு தெரியல.

அச்சுல வேணும்னா பப்ளிக் பேப்பர்ஸ் ஆஃப் த பிரசிடென்ட்ஸ்னு அரசாங்கமே போடுற தொகுதி இருக்கு, 1957ல தொடங்கினது. ஹூவர்ல ஆரம்பிக்கும், ஆனா ரூஸ்வெல்ட் அதுல இருக்க மாட்டாரு, அவரோட பேப்பர்ஸ் தனியா ஏற்கனவே வந்துருச்சுங்கறதால. இது தெரியாம "ரூஸ்வெல்ட் வால்யூம் மட்டும் நம்ம லைப்ரரில இல்ல"ன்னு நாள் கணக்கா தேடினவங்கள பார்த்திருக்கேன். ஹூவருக்கு முந்தின காலத்துக்கு ஜேம்ஸ் ரிச்சர்ட்சன்னு ஒரு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் 1789ல இருந்து 1897 வரைக்கும் தொகுத்த 10 வால்யூம் இருக்கு, இன்டர்நெட் ஆர்க்கைவ்லயே படிக்கலாம். சமீப காலத்துக்கு கவ்இன்ஃபோன்னு அரசாங்கத்தோட தளம், அங்க அதிபர் ஆவணங்களோட தினசரி தொகுப்பு வருது.

ஒரு எச்சரிக்கை. பத்திரிகைக்காரங்களுக்கு முன்கூட்டியே குடுக்குற பேச்சும், மேடைல நிஜமா பேசினதும் ஒண்ணா இருக்காது. "பேசுவதற்காக தயாரிக்கப்பட்டபடி"ன்னு மேல போட்டிருந்தா அது முன்னாடியே எழுதினது. மேற்கோள் எடுக்கிறப்ப எத எடுக்குறீங்கன்னு பாத்து எடுங்க.

பிரசிடென்ஷியல் லைப்ரரின்னா அதிபர் படிச்ச புத்தகங்கள் இருக்கிற இடமா?

இல்லங்க. பேர் தான் லைப்ரரி, உள்ள இருக்கிறது ஆவணக் காப்பகம். அந்த அதிபரோட ஆட்சிக் காலத்து மெமோ, கடிதம், மீட்டிங் நோட்ஸ், ஃபோட்டோ, டேப் எல்லாம் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா இருக்கும். ரூஸ்வெல்ட் தான் இத ஆரம்பிச்சு வச்சாரு, நியூயார்க் மாநிலத்துல ஹைட் பார்க்குல 1941ல திறந்தது. 1955ல இதுக்குன்னே சட்டம் வந்துச்சு. ஹூவர்ல இருந்து ஜார்ஜ் டபிள்யூ புஷ் வரைக்கும் 13 பேருக்கு நேஷனல் ஆர்க்கைவ்ஸ், அதாவது அமெரிக்க அரசோட ஆவணக் காப்பகம், நடத்துற லைப்ரரி கட்டடம் இருக்கு. ட்ரூமனுக்கு மிசௌரில இண்டிபெண்டன்ஸ், ஐசனோவருக்கு கேன்சஸ்ல அபிலீன், கென்னடிக்கு பாஸ்டன், ஜான்சனுக்கு ஆஸ்டின், நிக்சனுக்கு யோர்பா லிண்டா, கார்ட்டருக்கு அட்லாண்டா, ரீகனுக்கு சிமி வேலி. ஃபோர்டுக்கு மட்டும் லைப்ரரி ஆன் ஆர்பர்ல, மியூசியம் கிராண்ட் ராபிட்ஸ்ல, ரெண்டும் வேற வேற ஊர். ஒபாமாவுக்கு வந்தப்ப பழைய முறை மாறிருச்சு, சிகாகோல கட்டின சென்டர் அவரோட ஃபவுண்டேஷன் நடத்துறது, ஆவணங்கள் நேஷனல் ஆர்க்கைவ்ஸ் கிட்டயே டிஜிட்டலா இருக்கு.

இன்னொண்ணு கவனிங்க, 1978 வரைக்கும் இந்த காகிதங்க எல்லாம் அதிபரோட சொந்த சொத்து! வீட்டுக்கு எடுத்துட்டு போகலாம், எரிக்கலாம், யாருக்கும் காட்டாம பூட்டி வைக்கலாம். செஸ்டர் ஆர்தர் 1886ல சாகுறதுக்கு முன்னாடி தன் பேப்பர்ல பெரும்பகுதிய எரிக்க வச்சிட்டாரு, அதனால தான் அவர் பத்தி ஆழமா எழுத இன்னிக்கும் சிரமப்படுறாங்க. வாட்டர்கேட் வந்ததுக்கு அப்புறம் தான், நிக்சன் டேப்ப அழிச்சிடுவாரோன்னு பயந்து 1974ல ஒரு சட்டம், பொதுவா எல்லா அதிபருக்கும் 1978ல பிரசிடென்ஷியல் ரெக்கார்ட்ஸ் ஆக்ட். இது ரீகன்ல இருந்து அமலுக்கு வந்துச்சு. ரீகன்ல இருந்து வந்தவங்களோட ஆவணம் மக்கள் சொத்து. பதவி விட்டு 5 வருஷம் கழிச்சு தகவல் உரிமை மாதிரி மனு போட்டு கேக்கலாம், சில வகை ஆவணங்கள 12 வருஷம் வரைக்கும் மூடி வைக்க அதிபருக்கு உரிமை இருக்கு. அப்போ நீங்க யார பத்தி எழுதுறீங்களோ அவர் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம்னு முதல்லயே தெரிஞ்சுக்கணும். நேத்து பதவி விட்டவரோட உள் மெமோவ அடிப்படையா வச்சு தீசிஸ் எழுதுறேன்னா மூணு வருஷத்துல முடியாது.

வாஷிங்டன், ஜெஃபர்சன், லிங்கன் மாதிரி பழைய ஆளுங்களுக்கு?

வாஷிங்டன்ல இருந்து கூலிட்ஜ் வரைக்கும் 23 அதிபர்களோட பேப்பர்ஸ் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் கைல இருக்கு, அதையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஆன்லைன்லயே போட்டிருக்காங்க. லிங்கன் கையெழுத்த நம்ம வீட்ல இருந்து பெருசு பண்ணி பாக்கலாம். கெட்டிஸ்பர்க் பேச்சுக்கு அவர் கைப்பட எழுதின பிரதி அஞ்சு இருக்கு, ரெண்டு அங்க தான் இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வார்த்தை வார்த்தையா ஒப்பிட்டு பாருங்க, ஒரு முழு சாயங்காலம் போறதே தெரியாது.

அந்த லிங்கன் பேப்பர்ஸ் கதையே ஒரு பாடம். மகன் ராபர்ட் லிங்கன் லைப்ரரிக்கு குடுக்கிறப்ப, தான் செத்து 21 வருஷம் வரைக்கும் திறக்கக்கூடாதுன்னு நிபந்தனை போட்டாரு. அவர் 1926 ஜூலை 26ல செத்தாரு, 1947 ஜூலை 26ல தான் திறந்தாங்க. அப்போ 1947க்கு முன்னாடி வந்த லிங்கன் வாழ்க்கை வரலாறுகள்ல, லிங்கனோட செக்ரட்டரிகளா இருந்த நிக்கோலே, ஹே ரெண்டு பேரும் ராபர்ட்டோட அனுமதில எழுதினத தவிர, மத்தத எழுதினவங்களுக்கு இந்த மொத்த கட்டையும் உக்காந்து அலச வாய்ப்பு இருந்திருக்காது. ஒரு புத்தகத்த மேற்கோள் காட்டுறதுக்கு முன்னாடி அது வந்த வருஷத்தையும் ஆவணம் திறந்த வருஷத்தையும் பக்கத்துல எழுதி பாருங்க.

ஸ்தாபகர் தலைமுறைக்கு ஃபவுண்டர்ஸ் ஆன்லைன், 2013ல வந்தது. வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன், ஹாமில்டன், ஃபிராங்க்ளின்னு 1,80,000க்கு மேல ஆவணம், பெரும்பாலானது அறிஞர்கள் அடிக்குறிப்பு போட்டு திருத்தினது, இலவசம். ஆடம்ஸ் குடும்பத்தோட அசல் காகிதங்க மாசசூசெட்ஸ் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டில, அதிபர் ஹேய்ஸோடது ஒஹையோல. பேர்ல "பிரசிடென்ஷியல் லைப்ரரி"ன்னு இருந்தா எல்லாமே நேஷனல் ஆர்க்கைவ்ஸ் கீழ வராது, இல்லினாய்ல இருக்கிற லிங்கன் லைப்ரரி மாநில அரசோடது.

ஃபைண்டிங் எய்ட், ஃபைண்டிங் எய்ட்னு சொல்றாங்களே, அது என்ன?

ஆர்க்கைவ்ஸோட வரைபடம்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு சேகரிப்புக்கும் ஒரு நீளமான பட்டியல், எந்த சீரிஸ், எந்த பெட்டி, பெட்டிக்குள்ள எந்த ஃபோல்டர்னு. காகிதம் ஒவ்வொண்ணுக்கும் தலைப்பு இருக்காது, ஃபோல்டர் வரைக்கும் தான். அதனால உங்க கீவேர்ட போட்டு வரலன்னா ஆவணம் இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க. "உணவு நெருக்கடி"ன்னு தேடினா ஒண்ணும் வராது, அதே விஷயம் தேசியப் பாதுகாப்பு ஃபைல்ல நாட்டு வாரியா "இந்தியா"ங்கற ஃபோல்டர்ல தேதி வரிசைல படுத்திருக்கும். அந்த ஆபீஸ்ல வேலை பார்த்த ஆள் எந்த பேர்ல ஃபைல் போட்டிருப்பாருன்னு யோசிச்சு தேடுங்க.

ஃபோல்டர் நடுவுல ஒரு தாள் வரும், "இங்க இருந்த ஆவணம் எடுக்கப்பட்டது"ன்னு தேதி, யார் யாருக்கு எழுதினது, எத்தன பக்கம், ஏன் எடுத்தாங்கன்னு இருக்கும். வித்ட்ராயல் ஷீட்னு சொல்லுவாங்க. ஏமாந்து போகாதீங்க, இப்படி ஒரு மெமோ இருக்குங்கறதே ஒரு தகவல், அத திறந்து பாத்து சொல்லுங்கன்னு மனு போட வழி இருக்கு. வருஷக்கணக்குல ஆகும், ஆனா உங்களுக்கு இல்லன்னாலும் பின்னாடி வர்றவங்களுக்கு திறந்துரும்.

எனக்கு அமெரிக்கா போக வசதியில்ல. இங்க இருந்தே பண்ண முடியுமா?

முடியும், பெரும்பகுதி முடியும். நான் பார்த்த நல்ல தீசிஸ் சிலது விமானமே ஏறாதவங்க எழுதினது.

லைப்ரரிகளோட ஆர்க்கைவிஸ்ட்டுக்கு இமெயில் போடுங்க. கேள்வி தெளிவா இருந்தா பொறுமையா பதில் சொல்லுவாங்க, அது அவங்க வேலைல ஒரு பகுதி. "ஜான்சன் இந்தியா பத்தி எல்லாம் அனுப்புங்க"ன்னு எழுதாதீங்க. "இந்த சீரிஸ், இந்த பெட்டி, இந்த ஃபோல்டர், 1965 நவம்பர்ல இருந்து 1966 ஏப்ரல் வரைக்கும், இது ஸ்கேன் ஆகியிருக்கா, இல்லன்னா காப்பிக்கு என்ன செலவு"ன்னு எழுதுங்க. ஃபைண்டிங் எய்ட் பாத்துட்டு தான் கேக்குறீங்கன்னு தெரிஞ்சா பக்கத்து ஃபோல்டரையும் அவங்களே சொல்லுவாங்க. நேஷனல் ஆர்க்கைவ்ஸ் கேட்டலாக்ல ஏற்கனவே ஸ்கேன் ஆனது நிறைய இருக்கு, மொதல்ல அங்க பாத்துட்டு எழுதுங்க.

வெளியுறவு சம்பந்தமான ரகசிய ஆவணங்கள் வெளிய வந்திருக்கா?

இதுக்கு தான் நான் ரொம்ப ஆசையா பதில் சொல்லுவேன். ஃபாரின் ரிலேஷன்ஸ் ஆஃப் த யுனைடெட் ஸ்டேட்ஸ்னு ஒரு தொகுதி வரிசை, லிங்கன் காலத்துல 1861ல ஆரம்பிச்சு இன்னும் வந்துட்டே இருக்கு. எல்லாரும் ஃப்ரஸ்னு கூப்பிடுவாங்க. வெளியுறவுத்துறையோட வரலாற்று அலுவலகம், ரகசியம் நீக்கின மெமோ, தந்தி, மீட்டிங் குறிப்புகள அடிக்குறிப்போட போடுறாங்க. 30 வருஷத்துக்குள்ள போடணும்னு 1991 சட்டம் சொல்லுது, நடைமுறைல தாமதமாகும். முழுசும் ஆன்லைன்ல இலவசம். ஜான்சன் கால தெற்காசியாவுக்கு 1964–68 வரிசைல 25வது வால்யூம், மேல சொன்ன கோதுமை விஷயம் அதுல தான் வரும்.

ஒரு உதாரணம் பக்கத்துல வச்சு காட்டுறேன். 1969–76 வரிசைல 11வது வால்யூம், 1971 தெற்காசிய நெருக்கடி, 2005ல வந்தது. 1971 ஏப்ரல் 6, டாக்காவுல இருந்த அமெரிக்க கான்சல் ஜெனரல் ஆர்ச்சர் ப்ளட் அனுப்பின தந்தி அதுல இருக்கு, அமெரிக்க அரசாங்கத்தோட கொள்கைய ஏத்துக்க மாட்டோம்னு அங்க வேலை பார்த்த அதிகாரிங்க கையெழுத்து போட்டது. அதுலயே கொஞ்சம் தள்ளி போனா ஏப்ரல் 28 தேதி போட்டு தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சர் நிக்சனுக்கு எழுதின மெமோ. பாகிஸ்தான் விஷயத்துல மூணு வழி இருக்குன்னு விளக்கி, எது வேணும்னு கையெழுத்து போட இடம் விட்டிருக்காரு. நிக்சன் மூணாவதுல கையெழுத்து போட்டு, கீழ தன் கையால, எல்லாருக்கும் சொல்றேன், இந்த நேரத்துல யாஹியாவ (பாகிஸ்தான் அதிபர்) நெருக்காதீங்கன்னு எழுதியிருக்காரு. "நெருக்காதீங்க"ங்கறதுல வர்ற அந்த "வேண்டாம்"ங்கற சொல்லுக்கு அடில மூணு கோடு.

அந்த மூணு கோட்ட பாத்தா, நிக்சன் எவ்வளவு தீவிரமா இருந்தாருன்னு பத்து புத்தகம் படிச்சாலும் கிடைக்காத ஒண்ணு கிடைக்குது. ஆனா டைப் பண்ணின வடிவத்துல கோடு தெரியாது, அடிக்குறிப்புல வார்த்தையா தான் வரும். அசல் பக்கத்தோட படம் வேணும்னா 1985ல ஆரம்பிச்சு இப்ப ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல இருக்கிற நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ் தளத்துக்கு போகணும். பேர பாத்து அரசாங்க அமைப்புன்னு நெனச்சிடாதீங்க, அது அரசாங்கத்து கிட்ட மனு மேல மனு போட்டு ஆவணம் வாங்குற தனி அமைப்பு. ரெண்டையும் சேத்து வச்சு படிங்க. ஃப்ரஸ்ங்கறது அரசாங்க வரலாற்றாசிரியர்கள் பொறுக்கி எடுத்தது, அவங்க எடுக்காம விட்டது பெட்டிக்குள்ள இன்னும் இருக்கும்.

அதிபர்கள் ரகசியமா ரெக்கார்ட் பண்ணின டேப்ப நம்மளும் கேக்கலாமா?

கேக்கலாம். ரூஸ்வெல்ட்ல இருந்து நிக்சன் வரைக்கும் ஆறு பேர் ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க, நிக்சன் மட்டும் சுமார் 3,700 மணி நேரம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தோட மில்லர் சென்டர் இத கேட்டு கேட்டு எழுத்தாக்குறாங்க, தளத்துல ஆடியோவும் எழுத்தும் சேந்தே இருக்கு.

எழுத்த மட்டும் நம்பாதீங்க. கியூபா ஏவுகணை நெருக்கடி டேப்போட எழுத்து வடிவம் 1997ல புத்தகமா வந்தப்ப, கென்னடி லைப்ரரில வரலாற்றாசிரியரா இருந்த ஷெல்டன் ஸ்டெர்ன் டேப்ப திரும்ப கேட்டு அதுல நிறைய தப்பு இருக்குன்னு எடுத்துக் காட்டினாரு. கரகரன்னு இருக்கும், நாலு பேர் ஒண்ணா பேசுவாங்க, யார் குரல்னே தெரியாது. உங்க வாதமே ஒரு வாக்கியத்து மேல நிக்குதுன்னா ஹெட்ஃபோன் போட்டு அந்த ஒரு நிமிஷத்த பத்து தடவ கேளுங்க.

நினைவுக் குறிப்பு, ஓரல் ஹிஸ்டரி இதெல்லாம் சேத்துக்கலாமா?

தாராளமா, ஆனா சாட்சி மாதிரி பாருங்க, தீர்ப்பு மாதிரி பாக்காதீங்க. மில்லர் சென்டரும் ஒவ்வொரு பிரசிடென்ஷியல் லைப்ரரியும் அமைச்சர்கள், ஆலோசகர்கள், செக்ரட்டரிகள்னு உக்கார வச்சு மணிக்கணக்குல பேட்டி எடுத்து வச்சிருக்காங்க. எப்ப எடுத்த பேட்டின்னு பாருங்க. கென்னடி இறந்த சில மாசத்துல, 1964ல ஜாக்குலின் குடுத்த பேட்டி 2011ல தான் வெளிய வந்துச்சு, அந்த துக்கத்துக்குள்ள பேசினது வேற, இருபது வருஷம் கழிச்சு ஒருத்தர் தன் பேர காப்பாத்த எழுதுறது வேற. பேட்டில வர்ற தேதிய அதிபரோட டெய்லி டைரி கூட ஒத்துப் பாருங்க. அதிபர் எத்தன மணிக்கு யார பார்த்தாரு, யாருக்கு ஃபோன் போட்டாருன்னு அதுல இருக்கும். மனுஷங்களுக்கு மறக்கும், டைரி அப்படியே இருக்கும்.

ஆவணம் பாத்து என்ன பெருசா மாறிடப் போகுது? எல்லாரும் ஏற்கனவே எழுதிட்டாங்களே?

ஐசனோவர எடுத்துக்கோங்க. ரொம்ப காலம் அவர் கோல்ஃப் ஆடிட்டு எல்லாத்தையும் அமைச்சர்கள் கிட்ட விட்டவர்னு தான் அறிஞர்களே எழுதினாங்க. அபிலீன் லைப்ரரில அவரோட செக்ரட்டரி ஆன் விட்மன் பராமரிச்ச ஃபைல் திறந்தாங்க. ஃப்ரெட் கிரீன்ஸ்டைன்னு ஒரு அரசியல் அறிஞர் அத உக்காந்து படிச்சிட்டு, இல்ல, இந்த மனுஷன் வெளிய தெரியாம உள்ள இருந்து எல்லாத்தையும் தானே நடத்தியிருக்காருன்னு 1982ல எழுதினாரு. அதுக்கப்புறம் ஐசனோவர் பத்தின பேச்சே மாறிடுச்சு. ஒரு செக்ரட்டரி ஒழுங்கா ஃபைல் பண்ணி வச்சதால.

ஆய்வுக் கட்டுரைங்க எந்த ஜர்னல்ல தேடணும்?

இதுக்குன்னே இருக்கிறது பிரசிடென்ஷியல் ஸ்டடீஸ் குவார்ட்டர்லி. காங்கிரஸ் கூட உறவு பத்தின்னா காங்கிரஸ் அண்ட் த பிரசிடென்சி. வெளியுறவுக்கு டிப்ளமேடிக் ஹிஸ்டரி, பொதுவா அமெரிக்கன் பொலிட்டிகல் சயின்ஸ் ரிவ்யூ, ஜர்னல் ஆஃப் அமெரிக்கன் ஹிஸ்டரி. டேட்டாபேஸ்னா ஜேஸ்டோர், ப்ராஜெக்ட் ம்யூஸ், வரலாற்றுக்கு அமெரிக்கா ஹிஸ்டரி அண்ட் லைஃப், சட்டப் பக்கம் ஹெய்ன்ஆன்லைன். ஒரு நல்ல கட்டுரை கிடைச்சா ரெண்டு திசைல போங்க, அதோட அடிக்குறிப்புல பின்னாடி போங்க, கூகுள் ஸ்காலர்ல "இத மேற்கோள் காட்டியவை"ய அமுக்கி முன்னாடி போங்க. புத்தக விமர்சனங்கள தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க, ஒரு புத்தகத்தோட ஓட்டை எங்க இருக்குன்னு மூணு பக்கத்துல சொல்லிடுவாங்க.

டாபிக்கே புதுசுன்னா, காங்கிரஸுக்காக எழுதுற சிஆர்எஸ் (காங்கிரஷனல் ரிசர்ச் சர்வீஸ்) ரிப்போர்ட்ல ஆரம்பிங்க. வீட்டோ, மன்னிப்பு அதிகாரம், போர் அதிகாரம்னு ஒவ்வொண்ணுக்கும் கட்சி சாராம தெளிவா எழுதியிருப்பாங்க. 2018 சட்டத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் திறந்துட்டாங்க.

லைப்ரரி கேட்டலாக்ல என்ன வார்த்தை போட்டு தேடணும்?

கேட்டலாக்குக்கு தனி பாஷை இருக்கு, சப்ஜெக்ட் ஹெடிங்னு சொல்லுவாங்க. "பிரசிடென்ட்ஸ் – யுனைடெட் ஸ்டேட்ஸ்" ஒண்ணு, "எக்ஸிக்யூட்டிவ் பவர் – யுனைடெட் ஸ்டேட்ஸ்" ஒண்ணு. ரொம்ப உதவுறது காலத்த வச்சு பிரிக்கிற ஹெடிங்: "யுனைடெட் ஸ்டேட்ஸ் – பாலிடிக்ஸ் அண்ட் கவர்ன்மென்ட் – 1969–1974"னு போட்டா நிக்சன் காலம் மொத்தமும் வரும், 1963–1969 போட்டா ஜான்சன். கடைசில "சோர்சஸ்" இல்லன்னா "கரெஸ்பாண்டன்ஸ்"னு சேருங்க, ஆவணத் தொகுப்பும் கடிதத் தொகுப்பும் மட்டும் பிரிஞ்சு வரும். இந்த ஒரு தந்திரம் தெரியாம தான் நிறைய பேர் வாழ்க்கை வரலாற்றுலயே சுத்திட்டு இருக்காங்க.

அலமாரில நேரா போய் பாக்குறவங்களுக்கு, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறைன்னா அதிபர் பதவி பத்தினது ஜேகே 516, லிங்கன் ஈ 457. டியூயி முறைல அமெரிக்க வரலாறு 973. அந்த எண்ணுக்கு ரெண்டு பக்கமும் ஒரு மீட்டர் பாருங்க, தேடாத நல்ல புத்தகம் கைல சிக்கும்.

ஜர்னல் எல்லாம் காசு கேக்குது. என்ன பண்றது?

இந்தியாவுல அரசு கல்லூரி, பல்கலைக்கழகத்துல இருந்தா 2025 ஜனவரில இருந்து ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் இருக்கு, 30 பதிப்பகத்தோட சுமார் 13,000 ஜர்னல். உங்க லைப்ரரியன் கிட்ட போய் லாகின் கேளுங்க, பல பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியல. இதுல வராத தனியார் கல்லூரில இருந்தா ஜேஸ்டோர்ல சும்மா ஒரு கணக்கு திறந்தா மாசம் 100 கட்டுரை வரைக்கும் ஆன்லைன்ல படிக்கலாம். கிடைக்காத கட்டுரைக்கு எழுதினவருக்கே மரியாதையா ரெண்டு வரி இமெயில் போடுங்க, நிறைய பேர் அனுப்பிடுவாங்க. ஹாத்திட்ரஸ்ட்ல பழைய புத்தகம் ஏராளம், சிலது மட்டும் அமெரிக்காவுக்குள்ள இருக்கவங்களுக்கு தான் திறக்கும், அப்ப அதே புத்தகத்த இன்டர்நெட் ஆர்க்கைவ்ல தேடுங்க. நம்ம ஊர்ல ஏற்கனவே யாரு என்ன பண்ணியிருக்காங்கன்னு ஷோத்கங்கால (இந்திய பிஎச்டி தீசிஸ் இருக்கிற தளம்) பாத்துடுங்க.

விக்கிபீடியா, ஏஐ சாட் இதெல்லாம் வச்சு தேடலாமா?

விக்கிபீடியாவ கீழ இருந்து மேல படிங்க, அடிக்குறிப்பு தான் உங்களுக்கு வேணும். ஏஐ கிட்ட டாபிக்க புரிஞ்சுக்க கேக்கலாம், ஆனா அது குடுக்குற புத்தகப் பேரையும் பக்க எண்ணையும் அப்படியே எழுதிடாதீங்க. இல்லாத கட்டுரைக்கு இருக்கிற ஆசிரியர் பேர போட்டு, வால்யூம் நம்பரோட குடுக்கும், பாத்தா நிஜம் மாதிரியே இருக்கும். ஒரு பொண்ணு எங்கிட்ட கொண்டு வந்த பட்டியல்ல 14 இருந்துச்சு, ரெண்டு பேரும் உக்காந்து வேர்ல்ட்கேட்லயும் (பல லைப்ரரிகளோட கூட்டு கேட்டலாக்) ஜர்னலோட தளத்துலயும் ஒவ்வொண்ணா தேடினோம், அஞ்சு இல்லவே இல்ல. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல, அதுக்கு யாரும் சொல்லித் தரல. நீங்க கண்ணால பாக்காத எதையும் தீசிஸ்ல போடாதீங்க.

அதிபர்கள் சொன்னதா சுத்துற மேற்கோளுக்கும் இதே தான். லிங்கன், ஜெஃபர்சன் பேர்ல சுத்துறதுல பொய் ஏராளம். ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்லயோ பிரசிடென்சி ப்ராஜெக்ட்லயோ அந்த வரிய தேடி, தேதியோட கிடைச்சா மட்டும் எடுங்க.

போன மாசம் வெள்ளை மாளிகை தளத்துல பாத்த பக்கம் இப்ப இல்ல. என்ன ஆச்சு?

ஆட்சி மாறினா தளமும் மொத்தமா மாறும். பழையத நேஷனல் ஆர்க்கைவ்ஸ் அப்படியே உறைய வச்சு வச்சிருக்கும், கிளின்டன், புஷ், ஒபாமான்னு ஒவ்வொருத்தருக்கும் தனி முகவரி. ஆட்சி நடக்கிறப்பவே ஒரு பக்கம் காணாம போனா இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல பாருங்க. இனிமே எடுக்கிறப்பவே பிடிஎஃப் சேமிச்சு, பார்த்த தேதிய எழுதி வச்சுக்கோங்க.

ஆர்க்கைவ்ஸ் ஆவணத்த எப்படி மேற்கோள் காட்டுறது?

ஆவணம் என்ன, யார் யாருக்கு, தேதி, ஃபோல்டர் பேர், பெட்டி எண், சேகரிப்பு பேர், எந்த லைப்ரரி. இந்த ஏழும் இருந்தா சிகாகோ ஸ்டைலோ வேற ஸ்டைலோ பின்னாடி மாத்திக்கலாம், ஒண்ணு விட்டுப்போனாலும் திரும்ப அந்த ஆவணத்த கண்டுபிடிக்க முடியாது. ஜோட்டெரோன்னு மேற்கோள் சேமிக்கிற சாஃப்ட்வேர் இலவசம், மொத நாளே போட்டுக்கோங்க. ஆன்லைன்ல பாத்த ஃப்ரஸ் ஆவணத்துக்கு வால்யூமும் ஆவண எண்ணும் போதும், பெட்டி எண்ண அதோட அடிக்குறிப்புலயே குடுத்திருப்பாங்க. நீங்க ஃப்ரஸ்ல பாத்துட்டு பெட்டிய நேர்ல பாத்த மாதிரி எழுதாதீங்க. ஸ்கேன் ஃபைலுக்கு பேர் வைக்கிறப்ப வருஷம், மாசம், தேதி, பெட்டி, ஃபோல்டர்னு இந்த வரிசைல வைங்க, 1965-11-25னு ஆரம்பிச்சா கம்ப்யூட்டரே காலவரிசைல அடுக்கிடும். அப்படி அடுக்கின ஃபோல்டர மேல இருந்து கீழ ஒரு தடவ ஓட்டிப் பாத்தீங்கன்னா எந்த வாரத்துல காகிதம் குமிஞ்சிருக்கு, எந்த வாரம் காலியா இருக்குன்னு தெரியும். காலியா இருக்கிற வாரத்துக்கு வித்ட்ராயல் ஷீட் இருக்கான்னு பாருங்க, அடுத்த இமெயில் அதப் பத்தி எழுதணும்.